பலகைக்கு அந்தப் பக்கம்

போன வாரம் அட்டன் டவுனில் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் டை கட்டிய ஒரு மனிதர், ஏதோ கம்பனி அதிகாரியாக இருக்க வேண்டும். வெளியே மழைக் காற்று. கதவு திறந்ததும் அவர் பெரிதாக ஒரு தும்மல் போட்டார். என் வாய் சும்மா இருக்குமா? "நூறு" என்று சொல்லிவிட்டேன். மெதுவாகக்கூட இல்லை, கடை முழுவதும் கேட்கிற மாதிரி. அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் வேறு, எந்த மாத்திரை நூறு வேண்டும் என்று கேட்டாள். நாற்பதைத் தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி கடைக்குள் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகள் தும்மினால் நூறு என்று சொல்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். நூறு வயது இருக்கட்டும் என்ற வாழ்த்து. இரண்டாவது தும்மலுக்கு இருநூறு. எங்கள் லயத்தில் மட்டும் பிள்ளை, பெரியவர் என்ற பேதம் கிடையாது. யார் தும்மினாலும், எந்த வீட்டுக்காரர் காதில் முதலில் விழுகிறதோ அவர் நூறு சொல்லிவிட வேண்டும். அது ஒரு கடமை மாதிரி. அந்தப் பழக்கம்தான் ஒரு காலத்தில் என்னை அட்டனை விட்டே துரத்தப் பார்த்தது. மருந்துக் கடையிலிருந்து வீடு வரும் வரை அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். உங்களுக்கும் சொன்னால் என்ன என்று தோன்றியது.

முதலில் லயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். வீட்டைக் காம்பரா என்போம். நாங்கள் இருந்தது மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அந்த லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் சுவர் இருந்தது, ஆனால் அது கூரை வரைக்கும் போகவில்லை. கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல் தீர்ந்துபோனதா, மனசு தீர்ந்துபோனதா தெரியாது. ஆள் உயரத்துக்கு மேல் சுவர் நின்றுவிடும். அதற்கு மேலே புகையும் பேச்சும் தாராளமாகப் போய் வரும். மூன்றாவது காம்பராவில் கேட்ட கேள்விக்கு ஐந்தாவது காம்பராவிலிருந்து பதில் வரும். அடுப்படியை விட்டு எழும்பாமலே உப்பு கேட்கலாம், மணி கேட்கலாம், புருஷனைத் திட்டுவதற்கு ஆதரவும் கேட்கலாம். ரகசியம் பேச வேண்டுமானால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போக வேண்டும். அங்கே இன்னும் பத்துப் பேர் குடத்தோடு நிற்பார்கள்.

லயத்தை நினைத்து நான் உருகப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்கு ஒழுகும். புகையில் கண் எரியும். பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் கடைசித் தொங்கல் வீட்டில் ரேடியோ அலறும். எப்படா இதை விட்டுப் போவோம் என்றுதான் இருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, மஸ்கெலியாவில் ஆறு மாதம் டைப்பிங் படித்தேன். தமிழும் அடிப்பேன், சிங்களமும் அடிப்பேன். அட்டனில் ஒரு கொமினிகேஷனில் வேலை கிடைத்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொமினிகேஷன் என்றால் என்னவென்று விளங்காது. கோல் எடுக்க, போட்டோ கொப்பி அடிக்க, பேக்ஸ் அனுப்ப, விண்ணப்பம் டைப் செய்ய ஊரே அங்கேதான் வரும். கடை ஏழு மணிக்குப் பூட்டும். அதற்குப் பிறகு பஸ் பிடித்து, மஸ்கெலியாவில் இறங்கி, தேயிலைக்குள் ஏறி வீட்டுக்குப் போவது நடக்கிற காரியமில்லை. அட்டனிலேயே தங்க வேண்டும்.

அப்பாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், உதவியாளர் வேலை ஒன்று வரப்போவதாகத் தகவல். அப்பா ஆபீசில் என் பெயரைச் சொல்லியும் வைத்துவிட்டார். அம்மாதான் நடுவில் நின்று மூன்று மாதத் தவணை வாங்கிக் கொடுத்தார். அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"மூணு மாசம் பாப்போம். ரூமுல ஏதாச்சும் பிரச்சினைன்னா அன்னைக்கே பஸ் ஏறிறணும். அதுக்கப்பறம் டவுன் பேச்சே எடுக்கக்கூடாது."

ஆக, எனக்கு வேலையை விட ரூம்தான் முக்கியம். ரூம் போனால் எல்லாம் போனது. அட்டனில் ஒரு தனிப்பெண்ணுக்கு ரூம் கிடைப்பது என்ன லேசா? நாலு இடம் பார்த்தேன். இரண்டு இடத்தில் கல்யாணம் முடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு இடத்தில் எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள், சொன்னதும் ரூம் நேற்றே போய்விட்டது. நாலாவது இடம்தான் ஹாஜியார் ஒருவரின் புடவைக்கடை மாடி.

இப்போதும் புதுத் துணிக் கட்டைப் பிரித்தால் வருகிற அந்தக் கஞ்சி வாசம் மூக்கில் பட்டால் எனக்கு இருபத்திரண்டு வயது ஆகிவிடும். கீழே கடை, பின்பக்கம் ஹாஜியாரின் வீடு, மாடியில் நீளமாக ஒரு மண்டபம். அதை நடுவில் பலகை அடித்து இரண்டு ரூமாக்கியிருந்தார்கள். ஹாஜியாரின் மனைவியை எல்லோரும் உம்மா என்றே கூப்பிடுவார்கள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தொழுகைக்குப் போகிற நேரத்தில் பாட்டுப் போடக்கூடாது, ஆட்களைக் கூட்டி வரக்கூடாது என்று இரண்டே நிபந்தனை சொன்னார். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சர் இருப்பதாகவும், யாழ்ப்பாணம், அமைதியானவர், இங்கே மாற்றலில் வந்து ஒரு வருஷம் ஆகிறது என்றும் சொன்னார். பலகை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார், சத்தம் கேட்கும், பிறகென்ன என்று பெட்டியை இறக்கினேன்.

அட்டன் எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. அதை மறைப்பானேன். குழாயைத் திருகினால் ரூமுக்குப் பக்கத்திலேயே தண்ணீர். காலையில் பேக்கரிப் பாண் வாசம். கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, மலைப்பக்கம் ஏறுகிற ரயிலின் ஊதல், பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர்களைக் கூவுகிற கண்டக்டர்கள் என்று எல்லாம் ஒன்றாக ஜன்னல் வழியாக வரும். சிவனொளிபாத மலை சீசன் தொடங்கியிருந்தது. கம்பளித் தொப்பியும் தடியுமாகக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ரயிலிலிருந்து இறங்குவார்கள். நானும் ஒரு தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு ரெண்டு தரம் மெயின் வீதியை மேலும் கீழும் நடந்தேன். யாரும் என்னை இன்னாருடைய மகள் என்று கூப்பிடவில்லை. அது எவ்வளவு சந்தோஷம் என்று ஒரு லயத்துப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் காலை ஆறு மணி. நான் முகம் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல்.

"நூறு" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. கை தவறி விழுகிற டம்ளரைப் பிடிக்க யோசிக்கிறோமா? அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு இன்னொன்று. நான் விடுவேனா, இருநூறு. டீச்சருக்கு அட்டன் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதும், தினமும் காலையில் ஒன்பது தும்மல் கணக்காக வரும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தொள்ளாயிரம் வரைக்கும் போனேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு நான் வேலைக்குப் போனேன்.

மாலையில் படிக்கட்டில் டீச்சரை முதல் முறையாகப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, அதற்கு மேல் இரண்டு சுவெட்டர். நான் பல்லைக் காட்டினேன். அவர் என் நெற்றிக்கு மேலே எங்கேயோ பார்த்துத் தலையை ஒரு அங்குலம் அசைத்துவிட்டுப் போனார். டவுன் ஆட்கள் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தப்பு அந்த வாரமே நடந்தது. டீச்சர் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், கதவுத் திறப்பை எங்கே வைத்தேன் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு தேடினார். முதல் நாள் மாலை அவர் வந்ததும் தகர டப்பாவுக்குள் ஏதோ விழுந்த சத்தம் எனக்குக் கேட்டிருந்தது. பலகையோரமாகப் போய், அந்தத் தகர டப்பாவைப் பார்க்கும்படி மரியாதையாகத்தான் சொன்னேன். மூடி திறக்கிற சத்தம் கேட்டது. திறப்பு அங்கேதான் இருந்தது. நன்றி ஏதும் வரவில்லை. கதவைப் பூட்டுகிற சத்தம் மட்டும் வழக்கத்தை விடக் கொஞ்சம் பலமாக இருந்தது.

மூன்றாவதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. டீச்சர் யாழ்ப்பாணத்திலிருக்கிற தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஏகாதசி என்றைக்கு வருகிறது என்று இரண்டு பேருக்கும் குழப்பம். என் பக்கத்துப் பலகையில் நாட்காட்டி தொங்குகிறது. அது கண் முன்னால் இருக்க, பாவம், இரண்டு பேர் தேதி தெரியாமல் கஷ்டப்படுவதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? வியாழக்கிழமை என்று சொன்னேன். டீச்சர் போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை உம்மா மாடி ஏறி வந்தார். மூட்டு வலியோடு அவர் படி ஏறுவதே அபூர்வம். வந்ததும் என் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"புள்ள, நீ நல்ல புள்ளதான். ஆனா அங்கால பேசறதுக்கெல்லாம் நீ பதில் சொல்றியாமே. டீச்சருக்கு வாய் திறக்கவே பயமா ஈக்காம். இன்னொரு தரம் அவங்க வந்து சொன்னா, மறுகா நான் ஒண்ணும் செய்ய ஏலாது. ஹாஜியார் ரூமை விடச் சொல்லிருவார்."

வந்து முழுசாக மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒட்டுக் கேட்கிறவள் என்ற பெயரோடு தோட்டத்துக்குத் திரும்புவதை நினைத்துப் பார்த்தேன். அப்பா ஒரு வார்த்தை திட்டமாட்டார். பிள்ளைக்காம்பராவுக்குப் போக வேண்டிய நேரத்தை மட்டும் சொல்லுவார். நான் ஒட்டுக் கேட்கவில்லை உம்மா, காதில் விழுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். விழுந்தால் விழட்டும், நீ எடுக்காதே என்றார் உம்மா. லயத்தில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது.

அன்றிலிருந்து நான் இல்லாத ஆளாக இருக்கப் பழகினேன். ரூமுக்குள் காலுறை போட்டு நடந்தேன். சாயத் தண்ணியை ஊதிக் குடிப்பதை விட்டேன். தேங்காய் திருவுகிற வேலையே வேண்டாம் என்று சம்பலில்லாமல் பாணை வெறுமனே தின்றேன். எனக்குத் தும்மல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன். காலையில் டீச்சர் தும்மும்போதுதான் பெரிய சோதனை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். அதிலும் ஒரு வேடிக்கை. டீச்சர் முதல் தும்மல் போட்டதும் ஒரு சின்ன இடைவெளி விட்டார். முன்பெல்லாம் அப்படி விடமாட்டார், சரசரவென்று ஒன்பதையும் முடித்துவிடுவார். நான் எங்கே ஆரம்பித்துவிடுவேனோ என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிப் பன்னிரண்டு நாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலையால் வரும்போது உம்மா என்னை நிறுத்தினார். முகத்தில் ஒரே சந்தோஷம். ஹாஜியார் நல்ல மனுஷர், இரண்டு பேருக்கும் தொல்லையில்லாமல் ஒரு வழி பண்ணிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை தச்சு பாஸ் வருகிறார். பலகைக்கு மேலே இன்னொரு பலகை அடித்து, நடுவில் மரத்தூள் கொட்டி அடைத்துவிட்டால் அந்தப் பக்கத்து இடி முழக்கம்கூட இந்தப் பக்கம் கேட்காது. ஒரே ஒரு விஷயம், வேலை முடிய மூன்று நாலு கிழமை, அதாவது ஒரு மாதம் ஆகும், தூசி, என் பக்கம்தான் அடிக்க வேண்டும், அதனால் நான் சாமானைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வர வேண்டும்.

போய் இருந்துவிட்டு வருவதா? எங்கள் அப்பாவை உம்மாவுக்குத் தெரியாது. நான் பெட்டியோடு தோட்டத்து ரோட்டில் இறங்கினால், அந்தப் பெட்டி மறுபடி பஸ் ஏறாது. சரி உம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்து உட்கார்ந்தேன். அழுவதற்குக்கூட வசதியில்லை, சத்தம் கேட்டுவிடும். மறுநாள் வேலைக்கும் லீவு சொல்லிவிட்டு, சாயங்காலம் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். நல்ல மழை. ஆறு மணிக்கே கரண்ட் போய்விட்டது. அப்போது கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால், கையில் டோர்ச் லைட்டோடு டீச்சர்.

"பிள்ளை, இருக்கிறீரே?"

இருக்கிறேன் டீச்சர் என்றேன். இந்த நேரத்தில் நான் என்ன தப்பு செய்தேன் என்று மண்டையைப் போட்டுக் குடைந்தேன். பெட்டியை இழுத்த சத்தமாக இருக்குமோ? டீச்சர் டோர்ச்சை என் முகத்தில் அடித்து, நான்தானா என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ஒரு சத்தமும் இல்லை. ரெண்டு கிழமையா நீர் இருக்கிறீரோ, போயிட்டீரோ எண்டு தெரியேல்லை."

"நீங்கதானே டீச்சர் உம்மாகிட்ட சொன்னீங்க."

"நான் சொன்னது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் எண்டு. செத்துப்போகச் சொல்லேல்லை."

டீச்சர் வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை. அவருடைய டோர்ச் வெளிச்சம் கட்டில் மேல் விரிந்து கிடந்த பெட்டியில் போய் நின்றது. என்ன ஏது என்று கேட்டார். நான் பாஸ் வரப்போவதைச் சொன்னேன், அப்பாவின் தவணையைச் சொன்னேன், பிள்ளைக்காம்பராவையும் சொன்னேன். லயத்துச் சுவர் கூரை வரை போகாது என்பதையும், நூறு சொல்வது எங்களுக்கு வாய்ப் பழக்கம், கேலி இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். டீச்சர் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் டோர்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் சொன்னார்.

"எங்கட பக்கம் சண்டைக் காலத்தில பக்கத்து வீட்டில சத்தம் நிண்டால், சனம் வெளிக்கிட்டுட்டுது எண்டு அர்த்தம். பிறகு நாங்களும் மூட்டையைக் கட்டத்தான் வேணும். எத்தினை தரம் கட்டினது. அதுதான் வந்து பாத்தனான்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். அவருக்கு என் சத்தம் தொல்லை என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். சத்தமில்லாமல் இருப்பது இன்னும் பெரிய தொல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த மனுஷி பன்னிரண்டு நாளாகப் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பாஸ் வந்தார். சிங்கள ஆள், காதில் பென்சில் செருகியிருந்தார். ஹாஜியார் வந்தார், படி ஏறமாட்டாத உம்மாவும் வந்தார். பாஸ் அளவு நாடாவைப் பலகையில் வைத்த நேரம் பக்கத்துக் கதவு திறந்தது. டீச்சர் கஞ்சி போட்ட சேலையும் இரண்டு சுவெட்டருமாக வந்து நின்று, பலகை அடிக்க வேண்டாம் என்றார். ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் சொன்னதால்தானே இந்த ஏற்பாடு என்று கேட்டார். டீச்சர் என்னைப் பார்க்கவேயில்லை. தன் தோளில் கிடந்த சால்வையைச் சரி செய்துகொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பலகையை அடைச்சால் எனக்குக் காத்து வராது."

மழை விட்டிருந்தாலும் வெளியே பனிமூட்டம் ஜன்னலைத் தொட்டுக்கொண்டு நின்றது. பேசும்போது எல்லோர் வாயிலிருந்தும் ஆவி வந்தது. ஹாஜியார் அதைச் சிங்களத்தில் பாஸுக்குச் சொன்னார். அட்டனில் காற்று போதவில்லை என்று சொன்ன முதல் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று பாஸ் சிரித்துக்கொண்டே நாடாவைச் சுருட்டினார். உம்மா என்னையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றுவதாகச் சொல்லிக் கீழே இறங்கினார்.

திங்கட்கிழமை காலை முதல் தும்மல் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பயம் தெளியவில்லை. அதே இடைவெளி. பிறகு பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

"என்ன, இண்டைக்கு எண்ணேல்லையோ?"

அன்றைக்கு நான் சொன்ன நூறு கீழே கடை திறக்க வந்த பையன்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

மூன்று மாதம் முடிகிற நேரம் அப்பா வந்தார். என்னைக் கூட்டிப் போகிற எண்ணத்தோடுதான் வந்தார் என்று அவர் கொண்டு வந்த வெறும் சாக்குப் பையைப் பார்த்ததும் தெரிந்தது. ரூமைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் கொண்டியை ஆட்டிப் பார்த்தார். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், இந்தப் பெரிய ஊரில் யாருக்கு யாரைத் தெரியும் என்று மெதுவாக ஆரம்பித்தார். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சரின் குரல் வந்தது. யார், அப்பாவா, சாப்பிட்டுவிட்டு வந்தாரா, தேத்தண்ணி கொடுத்தாயா என்று ஒரு விசாரணை. பிறகு, பிள்ளைக்குப் போன கிழமை இருமல், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், இப்போது சுகம் என்று ஒரு அறிக்கை. அப்பா பலகையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அவர் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

"பக்கத்து காம்பராவுல ஆளு இருக்காங்க. அப்ப சரி" என்றார்.

சாக்குப் பையில் பஸ் ஸ்டாண்டில் மரக்கறி வாங்கிப் போட்டுக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். டவுனை விட்டு வா என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

இரண்டு வருஷம் அப்படி இருந்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் டீச்சர் ரூமுக்குள் போனது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அவரும் என் ரூமில் வந்து உட்கார்ந்ததில்லை. எல்லாம் பலகை வழியாகத்தான். விடைத்தாள் திருத்தும்போது பிள்ளைகள் எழுதிய கூத்துகளை வாசித்துக் காட்டுவார். நான் கொமினிகேஷனுக்கு வந்த விண்ணப்பக் கதைகளைச் சொல்வேன். எப்போது பதில் சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது என்பதும் எனக்குப் பழகிவிட்டது. அவர் தங்கையோடு போன் பேசும்போது நான் செவிடு. போனை வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டால், அது எனக்கு.

பிறகு டீச்சருக்கு ஊருக்கே மாற்றல் கிடைத்தது. பஸ் ஏற்றிவிட நானும் உம்மாவும் போனோம். இரண்டு சுவெட்டரையும் எனக்கே கொடுத்துவிட்டார். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலால் தலையை நீட்டி எனக்கு ஒரு புத்தி சொன்னார்.

"இனி ஆர் வந்தாலும் முதல் கிழமை வாயைத் திறக்காதையும். ரெண்டாம் கிழமை திறவும்."

ஆனால் அந்த ரூமுக்கு யாரும் வரவில்லை. ஹாஜியாருக்குக் கடை பெருத்து இடம் போதாமல், அதில் துணிக் கட்டுகளை அடுக்கினார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் கூரை வரை துணி. நான் பேசினால் என் குரல் அதற்குள் போய் அப்படியே ஒடுங்கிவிடும். ஒரு வருஷம் துணிக் கட்டுகளோடு குடித்தனம் நடத்திவிட்டு, கல்யாணம் முடித்து அங்கிருந்து கிளம்பினேன்.

அந்தப் புடவைக்கடை இப்போது இல்லை. உம்மாவும் ஹாஜியாரும் இல்லை. அதே இடத்தில் கண்ணாடி போட்ட நாலு மாடி நிற்கிறது. எனக்கு முதல் வேலை கொடுத்த கொமினிகேஷனும் போய்விட்டது, ஊரே பைக்குள் போனை வைத்துக்கொண்டு திரிகிறது. எங்கள் லயத்தையும் உடைத்துத் தனித்தனி வீடாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல வீடு, சுவர் கூரையைத் தொடுகிறது, அம்மாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. நானும் என் வீட்டுக்காரரும் அட்டனிலேயே மேட்டுப் பக்கம் ஒரு வீடு கட்டினோம். எங்கள் படுக்கையறைக்குப் பக்கத்தில் தனி வாசலோடு ஒரு ரூம் இருக்கிறது. அதை டவுனுக்கு வேலைக்கு வருகிற பெண் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பது என்பது என் பிடிவாதம். கல்யாணம் முடித்துவிட்டு வா என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது இருப்பவள் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, ஒரு பைனான்ஸ் கம்பனியில் வேலை. ரூம் பார்க்க வந்த அன்று தண்ணீரைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ அவள் முதலில் கேட்கவில்லை.

"ஆன்ட்டி, நான் பேசுறது உங்க பக்கம் கேக்குமா?"

கேட்காதும்மா, நல்ல பிளாக் கல் சுவர், இரண்டு பக்கமும் சீமெந்து பூசியிருக்கிறது என்று வீட்டுக்காரியின் பெருமையோடு சொன்னேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இடித்தது. அவசரமாக, சத்தம் போட்டாலும் எங்களுக்குக் கேட்காது, அதனால் ஏதாவது வேண்டுமென்றால் வந்து கதவைத் தட்டு என்று சேர்த்துச் சொன்னேன். சரி ஆன்ட்டி என்று சிரித்தாள்.

எட்டு மாதம் ஆகிறது. கண்ணியமான பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் பிளேன்டீ குடித்துவிட்டுக் கோப்பையை அந்தச் சுவரோரமாக நான் கொஞ்சம் பலமாகத்தான் வைக்கிறேன். அந்தப் பக்கம் அவள் எழும்பிவிட்டாளா, இருமுகிறாளா, அழுகிறாளா, எனக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கு வரைக்கும் அவள் ஒரு தடவைகூடக் கதவைத் தட்டவில்லை.